முகத்துக்குக் கீழே உள்ள வரி

பழைய உருவப்படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவது இன்று பினாங்கில் நாகரிகம். பாயான் லெப்பாஸ் ஓட்டல்களிலிருந்து ஜார்ஜ்டவுன் காப்பிக் கடைகள் வரை இதே கதைதான். "முகமே வரலாற்றைச் சொல்லிவிடும், விளக்கம் எதற்கு?" என்ற பேச்சும் கூடவே பரவியிருக்கிறது. இது தவறான பேச்சு. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட முகம் தானாக எதையும் சொல்லாது. அச்சிட்டவர் யார், வாங்கியவர் யார், அடியில் எழுதியது என்ன என்பவையே அதற்குப் பொருள் தருகின்றன.

இதற்குச் சான்று அச்சுக்கலையின் தொடக்கத்திலேயே உண்டு. 1493இல் வெளியான நியூரம்பர்க் வரலாற்று நூலில் ஒரே மரக்கட்டை முகம் வெவ்வேறு மன்னர்களுக்குப் பயன்பட்டது, பெயர்தான் மாறியது. 1735இல் வந்த ஆங்கிலேயச் சட்டம் தகட்டில் உரிமையாளர் பெயரையும் தேதியையும் பொறிக்கச் சொன்னது. படத்தின் அடியில் இடப்பக்கம் ஓவியர், வலப்பக்கம் செதுக்கியவர், நடுவே வெளியீட்டாளர் என்று பொடி எழுத்தில் இருக்கும். மாட்டும் சட்டகத்துக்கு அளவாகப் படத்தை வெட்டுகிறவர்கள் முதலில் வெட்டுவது இந்த வரியைத்தான்.

அந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸின் படங்களே போதும். 1792இல் திப்பு சுல்தானின் மகன்கள் இருவரைப் பிணையாக அவர் பெற்ற காட்சி லண்டனில் திரும்பத் திரும்பத் தீட்டப்பட்டது. மேதர் பிரவுன் வரைய, டேனியல் ஓர்ம் செதுக்கினார். பிரவுன் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. சிறுவர்களைக் கை நீட்டி வரவேற்கும் பெரியவரின் கனிவைத்தான் படம் காட்டுகிறது. ஆனால் வாங்கியவர்களுக்கு 1781 மறந்திருக்காது. அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்த தளபதி இவரேதான். தோற்றவரைத் தந்தையாக்கிய அரசியல் பண்டம் அது. அதே காட்சி சென்னையில் தாமஸ் பேங்க்ஸ் வடித்த கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்திலும் ஏறியது. அங்கே அது ஆளப்படுகிறவர்களுக்கான எச்சரிக்கை. பினாங்குக் கோட்டைக்கு இருப்பதும் அவர் பெயர்தான்.

அந்தக் கோட்டையில் நிற்கும், பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் சிலையோ 1936இல் வார்க்கப்பட்டது. அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காததால் மகன் வில்லியமின் சாயலில் செய்தார்கள். முகம் மகனுடையது, பெயர் தந்தையுடையது. வருகிறவர்கள் பெயரைத்தான் நம்புகிறார்கள்.

படமே இல்லாதவர்களை என்ன செய்வது? கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட சிவகங்கை மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்டபின், சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் சிவகங்கை வேங்கம் பெரிய உடையணத் தேவரும் மற்றவர்களும் 1802இல் இந்தத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். சிறுவன் துரைசாமியை அறிந்திருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1818இல் பினாங்கில் அவரைச் சந்தித்தார். எதிரே வந்த தளர்ந்த மனிதரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணீரோடு பெயரைச் சொன்னபின்தான் தெரிந்தது. முப்பதைக் கடந்திருந்தவரை நாடுகடத்தல் கிழவராக்கியிருந்தது. 1830இல் வெளியான வெல்ஷின் நினைவுக் குறிப்புகளில் இது பதிவாகியிருக்கிறது. உயிருள்ள முகமே பெயரில்லாமல் பேசவில்லை என்றால், அச்சிட்ட முகம் எப்படிப் பேசும்?

ஆகவே நம் அருங்காட்சியகங்கள் அழகைப் பார்த்து மட்டும் படம் மாட்டக் கூடாது. அடிவரியோடு முழுத் தாளையும் காட்ட வேண்டும். அது எந்த நூலிலிருந்து, எந்தச் சந்தைக்காக வந்தது என்று தமிழிலும் எழுத வேண்டும். கார்ன்வாலிஸ் படம் எங்கே தொங்கினாலும், அதன் பக்கத்தில் 1802இல் வந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் இருக்க வேண்டும். படம் இல்லை என்பதற்காக அவர்களை வரலாற்றிலிருந்து விட்டுவிடும் உரிமை நமக்கில்லை.