திரைப்படத்தின் முடிவும் தொடரின் தொடக்கமும்

திரைப்படமொன்று பெரும்புகழ் எய்துமாயின், அதன் மாந்தரைத் தொலைக்காட்சித் தொடரிலும் காண விழைதல் இயல்பே. அவ்விழைவு நிறைவேறுதற்குப் புகழ் மட்டும் போதுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

2002-இல் வெளிவந்த ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ என்னும் படத்தை நியா வர்தலோஸ் எழுதி நடித்தார். சிகாகோவில் வாழும் கிரேக்கக் குடும்பத்துப் பெண்ணொருத்தி அயலினத்தான் ஒருவனை மணப்பதே கதை. அதனைத் தழுவி 2003-இல் சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய நகைச்சுவைத் தொடர் ஏழு பகுதிகளோடு நின்றுவிட்டது. கணவன் வேடத்தை வேறு நடிகர் ஏற்றமை காரணம் எனலாம். அது மட்டும் அமையாது.

படத்தில் வரும் தந்தை எச்சொல்லையும் கிரேக்கச் சொல் எனக் காட்ட முனைவார். சொல்லாராய்ச்சியில் இத்தகையாரை நாமும் அறிவோம்; ஆதலின் தாம்பரத்துத் தமிழ் மாணவரும் அவரைக் கண்டு நகைப்பர். நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலும் ஒன்றன்றோ! ஆயின், மணவிருந்தில் அவர் இருவீட்டுக் குடும்பப் பெயர்களுக்கும் ஆப்பிள், ஆரஞ்சு எனப் பொருள் கண்டு, இரண்டும் கனிகளே என்று அமைதி காண்கின்றார். எள்ளற்குரிய குறையே அன்பிற்குக் கருவியாகின்றது. அந்நிலையில் கதை முற்றுகின்றது. முற்றிய பின்னும் அக்குறையையே கிழமைதோறும் காட்டின், எள்ளல் எஞ்சும், வளர்ச்சி இராது.

இதனோடு நம் நாட்டுத் தொடரொன்றை ஒப்புநோக்குவோம். அது நகைச்சுவைத் தொடரன்று எனினும் ஒப்புமை பயன்தரும். கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ (1985) படத்தின் இறுதியில், சிந்து தான் ஈன்ற மகவைப் பைரவியிடம் ஒப்படைத்துப் பிரிகின்றாள். பின்னர் நேர்வது யாது என்னும் வினா நிற்கின்றது. அவ்வினாவினின்றே 2003-இல் ஜெயா தொலைக்காட்சியில் ‘சஹானா’ என்னும் தொடரை அவர் தொடங்கினார். அங்கும் கதைத்தலைவனாகச் சிவகுமார் நடிக்கவில்லை. எனினும் தொடர்வதற்குக் கதை இருந்தது.

குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ திரையரங்கு செல்பவர் ஒரு முடிவை நாடிச் செல்கின்றார். மாலையில் மின்தொடர்வண்டியில் வீடு திரும்பித் தொடரின் முன் அமர்பவரோ நாளைய வினாவை நாடுகின்றார். ஆகவே, படத்தைத் தொடராக்க முனைவோர் அதன் புகழை அளப்பதற்கு முன், அது விடைகூறாது விட்டது யாது எனக் காண்டல் வேண்டும். அஃது இல்லையேல், சிறந்த முடிவை முடிவாகவே விட்டுவைத்தல் அறிவுடைமையாகும்.