மூன்றாவது கியரில் செட்டிப்பாளையம்

ஆரஞ்சுக் கூம்பு கண்ணில் பட்டதும் பிரேக்கைச் சவுட்டினேன். எங்கள் நாஞ்சில் நாட்டில் மிதிப்பது வேறு, சவுட்டுவது வேறு. மிதிப்பது தினப்படிக் காரியம். சவுட்டும்போது இடுப்பிலிருந்து பலம் இறங்கும். அந்த ஒரு சவுட்டில் வண்டி மூக்கைத் தரையோடு அழுத்தியது. தோளிலும் இடுப்பிலும் மாட்டியிருந்த பட்டைகள் இறுகி மூச்சைப் பிடித்தன. முன்சக்கரம் இரண்டும் மூடியில்லாமல் என் கண்ணெதிரே சுழன்றுகொண்டிருந்தன. நான் கையைத் திருப்பிய பக்கம் அவை திரும்புவதைப் பார்த்துக்கொண்டே வளைவுக்குள் நுழைந்தேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பூசிய விளிம்புக்கல்லை உள்பக்கச் சக்கரம் உரசி, வண்டி வெளியே பீறிட்டுக் கிளம்பியபோது, "எம்மா, இதுக்காலே ஐம்பது வருசம் காத்துக் கெடந்தேன்!" என்று ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சொன்னேன்.

இடம், கோயம்புத்தூர் செட்டிப்பாளையம், கரி மோட்டார் ஸ்பீட்வே. வண்டி, ஒற்றை இருக்கை ஃபார்முலா கார். என் வாழ்நாளில் வண்டி ஓட்டிய நாட்களில் இதைவிடச் சந்தோஷமான நாள் வேறில்லை.

நாகர்கோவில் வடசேரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்து இருபத்தாறு வருடமாகிறது. பிரேக் பேட் விற்றே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். ஆனாலும் ஒரு பிரேக் பேட் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது. வேகம் கூடக் கூடப் பிரேக் தாங்கவேண்டிய சுமை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். நூறு கிலோமீட்டரில் வரும் வண்டியைவிட நூற்றிருபதில் வரும் வண்டியை நிறுத்தப் பிரேக் 44 சதவீதம் கூடுதல் சக்தியை விழுங்கவேண்டும். கடையில் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அந்த நாற்பத்துநாலு சதவீதம் நெஞ்சில் வந்து உட்காரும்போது கிடைக்கிற அறிவு வேறு.

இந்த நாள் எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் வாய்த்தது. ரேஸ் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாட்கள் பல வகை. ஆசைப்படுகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது என்று திண்டாடுகிறார்கள், நானும் திண்டாடினேன். அவற்றில் மூன்று வகையை அனுபவித்துவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பெரிய கார் கம்பெனிகள் தங்கள் வண்டியைக் காட்டுவதற்காக நடத்தும் நாள். கோவையில் வேலை பார்க்கும் என் மருமகன், அதாவது தங்கச்சி மகன், ஒரு தடவை அழைத்துப்போனான். அந்த வண்டியின் சக்தி அபாரம். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் காலை முழுக்க வரிசையில் நின்றேன். எனக்குக் கிடைத்தது மூன்றே சுற்று. முன்னால் வழிகாட்டி வண்டி ஒன்று போகும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும். எந்த வளைவையும் இரண்டாம் முறை சரிசெய்து பார்க்க நேரமில்லை. வண்டி எத்தனை நல்லது என்று தெரிந்துகொண்டேன். நான் எப்படி ஓட்டுகிறேன் என்பது தெரியாமலே திரும்பினேன்.

இரண்டாவது, நம் சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகும் தட நாள். இதற்கு நான் போனது இருங்காட்டுக்கோட்டை. சென்னையிலிருந்து பெங்களூர் சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருக்கிறது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இதைக் கட்டி 1990-இல் திறந்தது. அதற்கு முன்னால் பந்தயமெல்லாம் சோழவரத்தில்தான். உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. சோழவரம் ரேஸ் பார்க்கப் போனதை என் அப்பாவின் கூட்டுக்காரர் ஒருவர் சாகும்வரை திருவிழாக் கதைபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பரம்பரையில் வந்த தடத்தில் என் ஸ்விஃப்டின் சக்கரம் உருண்டது என்று நினைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. நீண்ட நேர்பாதை முடிந்து முதல் வளைவுக்குள் போகும்போது கால் தானாகவே ஆக்சிலரேட்டரைவிட்டு எழும்பும். எழும்பாமல் பிடித்துவைக்க நெஞ்சுறுதி வேண்டும். நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் பந்தயம் ஓட்டியதும் இங்கேதான், ஃபார்முலா மாருதி என்ற பந்தய வண்டியில். அந்தப் பையன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

சொந்த வண்டியில் போவதில் பெரிய லாபம், தடத்தில் கற்றதை அப்படியே ஊர் ரோட்டுக்குக் கொண்டுவரலாம் என்பது. ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியை வாசியுங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் அது பொருந்தாது என்று எழுதியிருக்கும். வண்டி தடுப்புச் சுவரில் மோதினால் செலவு நம்முடையது. அந்த எண்ணம் வளைவுக்கு வளைவு மண்டைக்குள் வந்து, என்னைப் பாதி ஓட்டுநராக்கிவிட்டது. போதாததற்கு இரண்டு மணி நேரத்தில் டயர் ஓரம் தேய்ந்து, ஒரு ஜோடி பேடும் கரைந்தது. பேட் என் கடையில் உண்டு. கடை இல்லாதவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய தடம்தான் வேண்டும் என்றால் டெல்லிப் பக்கம் கிரேட்டர் நொய்டாவில் புத்தா தடம் இருக்கிறது. 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் நடந்த இடம். மூன்று வருடமும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். 5.125 கிலோமீட்டர். எங்கள் கன்னியாகுமரியில் கால்வைக்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை டெல்லி வழியாகத்தான் ஸ்ரீநகருக்குப் போகிறது. அதில் ஒருநாள் போகத்தான் போகிறேன். ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே இத்தனை இருக்கும்போது முதல் யோகம் அங்கே எதற்கு? கோவைப் பக்கத்தில் கோஸ்ட் என்று இன்னொரு தடமும் வந்துவிட்டது.

இனி மூன்றாவது வகைக்கு, என் செல்லத்துக்கு வருகிறேன்: பந்தய வண்டியும் ஆசிரியரும் அவர்களே தரும் முழு நாள் பயிற்சி, கரி ஸ்பீட்வேயில்.

அந்தப் பெயரில் உள்ள கரி என்பது எஸ். கரிவர்தன். கோவை ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டு வண்டி வாங்கி ஓட்டினால் போதும் என்றிருக்காமல், மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. பணக்காரர் விளையாட்டாக இருந்ததை மெக்கானிக் வீட்டுப் பையனும் எட்டிப் பார்க்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்த மனிதர். 1995-இல் வான்விபத்தில் இறந்துபோனார். நாற்பது சொச்சம் வயதுதான். அவர் பெயரில் எழுந்த இந்தத் தடத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். இருங்காட்டுக்கோட்டையைவிட ரொம்பச் சின்னது.

சின்னதாக இருப்பதுதான் அதன் அழகே! ஒரு வளைவில் தப்புச் செய்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் அதே வளைவு மறுபடியும் உங்கள் முன்னால் வந்து நிற்கும். தப்பு ஞாபகத்தில் சூடாக இருக்கும்போதே திருத்திப் பார்க்கலாம். பெரிய தடத்தில் அதற்குள் பத்துப் பன்னிரண்டு வளைவு குறுக்கே வந்து எல்லாம் கலைந்துவிடும்.

வண்டியும் அப்படித்தான். எல்ஜிபி ஃபார்முலா 4. எஃகுக் குழாய்ச் சட்டகம். மாருதி கார்களில் வந்த 1300 சிசி இன்ஜின், அதுவும் டிரைவரின் முதுகுக்குப் பின்னால். நான் தினமும் அதற்கு ஆயில் ஃபில்டரும் டைமிங் பெல்ட்டும் எடுத்துக்கொடுக்கிற இன்ஜின்! அதே இன்ஜின், கதவும் கூரையும் ஏசியும் இல்லாத ஒரு கூட்டுக்குள் உட்கார்ந்தால் சிறுத்தையாகிவிடுகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கால் நீட்டிப் படுத்த மாதிரி உட்காருகிறோம். அங்கிருந்து பார்க்க எண்பதே நூற்றறுபது போலிருக்கும். ஸ்டியரிங்குக்குப் பவர் உதவி கிடையாது. தடத்தில் கிடக்கும் சிறு கல்கூட உள்ளங்கைக்குச் சேதி சொல்லும்.

காலையில் முதல் ஒரு மணி நேரம் வண்டியைத் தொடவே விடவில்லை. தீத்தாங்கும் ஓவரால், முகமூடித் துணி, ஹெல்மெட், கையுறை எல்லாம் அளவு பார்த்துத் தந்தார்கள். மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போடச் சொன்னார்கள். தடித்த ஷூ பக்கத்துப் பெடலையும் சேர்த்து மிதித்துவிடும். மஞ்சள் கொடி என்றால் முந்தாதே, வேகத்தைக் குறை. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றுவிட்டது. நீலம் என்றால் பின்னால் வேகமானவன் வருகிறான், வழிவிடு. இதெல்லாம் வாய்ப்பாடுபோல ஒப்பித்த பிறகுதான் அடுத்த கட்டம். ஆம்புலன்ஸ் ஒன்று இன்ஜின் ஓடியபடியே நின்றதைப் பார்த்ததும் என் அம்மா போனில் சொன்னது நினைவுக்கு வந்தது: "மக்ளே, பைய போ, கேட்டியா."

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். என்ன பொறுமை! என்ன கண்! முதல் ஐந்து சுற்று முடிந்து நான் பெருமையோடு வந்து நின்றபோது, குனிந்து என் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் சொன்னார்: "சார், நீங்க முன்சக்கரத்தப் பாத்துட்டே ஓட்டறீங்க. கண்ணு எங்க போகுதோ வண்டி அங்கதானுங்க போகும். வளைவுக்குள்ள நுழையறப்பவே வெளிய போற எடத்தப் பாருங்க."

செய்து பார்த்தேன். தலையைத் திருப்பி, வளைவின் மறுமுனையில் இருந்த அடுத்த கூம்பைப் பார்த்தேன். கை தானாகத் திரும்பியது. முந்தின சுற்றில் மூன்று தடவை திருத்தித் திருத்தி எடுத்த வளைவு ஒரே கோடாக ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். ஒரே ஒரு வாக்கியத்தில் எல்லாம் மாறிவிட்டது.

அடுத்து அவர் சொன்னது டயரைப் பற்றி. அதை நான் எங்கள் ஊர்க் கணக்கில் புரிந்துகொண்டேன். டயரின் பிடிமானம் ஒரு மரக்கால் நெல். நேராகப் போகையில் முழு மரக்காலையும் பிரேக்குக்கு அளந்துவிடலாம். ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கினால் திருப்பத்துக்கும் அதிலிருந்தேதான் அளக்கவேண்டும். பிரேக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் திருப்பத்துக்குக் கொடுக்கவேண்டும். மரக்காலுக்கு மேல் கேட்டால் டயர் கையை விரித்துவிடும், வண்டி சறுக்கும். மத்தியானச் சுற்றுகள் முழுக்க இந்த அளவைத்தான் பழகினேன். பிரேக்கிலிருந்து காலை எடுப்பது, மிதிப்பதைவிடக் கஷ்டமான கலை. பாதத்தில் நாழியும் உழக்குமாக அளக்கவேண்டும். ஒரே ஒரு தடவை பேராசைப்பட்டேன். பின்பக்கம் வழுக்கி, வண்டி முழு வட்டமடித்துப் புல்லில் நின்றது. எரிந்த ரப்பர் வாசம், சூடான பேட் வாசம், கிழிந்த புல்லின் பச்சை வாசம். கைகாட்டி மறுபடியும் கிளம்பச் சொன்னார்கள். அந்தச் சுழற்சியும் அன்றைய வரவில்தான் சேரும்.

அன்றைக்குக் காற்று வேறு நன்றாக அடித்தது. மேற்குமலை பாலக்காட்டில் வாய் திறந்து கோவைக்குக் காற்றை விடுகிறது, எங்களுக்கு ஆரல்வாய்மொழி. முப்பந்தலில் காற்றாடிகளுக்கு நடுவே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் காற்றோடு மல்லுக்கட்டி வளர்ந்தவனுக்கு, செட்டிப்பாளையக் காற்று சொந்தக்காரன் மாதிரி இருந்தது. நேர்பாதையில் அது மார்பில் மோதியபோது பயம் வரவில்லை, ஊர் ஞாபகம் வந்தது.

பரிசாகக் கொடுக்கவோ நீங்களே போகவோ நினைத்தால், விளம்பரத்தில் எந்தக் கார் படம் போட்டிருக்கிறது என்று பார்க்காதீர்கள். போன் செய்து கேளுங்கள்: சக்கரம் உருளும் நேரம் எத்தனை நிமிடம்? சுற்றுக்குச் சுற்று வந்து திருத்துவதற்கு ஆள் உண்டா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? வண்டிக்குச் சேதம் வந்தால் எவ்வளவு வரை என் தலையில் விழும்? உயரமோ உடம்போ கூடுதலானவர்கள் ஒற்றை இருக்கைக்குள் பொருந்த முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்றால் கோ-கார்ட்டில் தொடங்கட்டும். பெரிய பந்தய வீரர்கள் பலர் அதில் உட்கார்ந்து எழும்பியவர்கள்தான். ஓட்டப் பயமா, பயிற்சி பெற்ற டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றும் நாட்கள் உண்டு. என் தங்கச்சிக்கு அதைத்தான் சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் கையும் காலும் திடமாக உள்ள யாராக இருந்தாலும், சின்னத் தடம், சின்ன இன்ஜின், முழு நாள், நல்ல ஆசிரியர். கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள்.

சாயங்காலம் தந்த தாளில் என் ஒவ்வொரு சுற்றின் நேரமும் வரிசையாக இருந்தது. காலையின் முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் நடுவே பதினொரு வினாடி! அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இராத்திரி நாகர்கோவில் ரயில் ஏறினேன். தோள் வலித்தது, உள்ளங்கை சிவந்திருந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் கூம்பு, சவுட்டு, திருப்பம்.

வள்ளியூர் தாண்டி விடிந்தது. ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. தோவாளையில் பூவாசம் ஜன்னலுக்குள் வந்தபோது தாளை மறுபடியும் விரித்து, அந்தப் பதினொரு வினாடி எந்தச் சுற்றுகளில் குறைந்தது என்று விரல் வைத்து எண்ணினேன். பிறகு மருமகனைப் போனில் எழுப்பினேன்.

"மாமா, வந்து சேந்தாச்சா?" என்றான் தூக்கக் கலக்கத்தில்.

"அது கெடக்கட்டும் மக்கா. மழையத்துத் தடம் நனைஞ்சு கெடக்கும்போ ஓட்ட விடுவாவளா? அத மொதல்ல கேட்டுச் சொல்லு."