தக்களியைச் சுழற்றியது யார்?

பள்ளிப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவதை நாம் சுற்றுலாக் கணக்கில்தான் வைத்திருக்கிறோம். ஆனால் வரலாற்றில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதைப் பாடநூலைவிட அழுத்தமாகச் சொல்லித் தருவது அந்த ஒரு நாள்தான். மாணவிகளுடன் பலமுறை இப்படிப் போய்வந்த வரலாற்று ஆசிரியை நான். கீழடியை முன்வைத்து இதைப் பேசலாம் என்று தோன்றுகிறது.

மதுரைக்கு அருகே, சிவகங்கை மாவட்டத்துத் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் 2015இல் அகழாய்வு தொடங்கியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டுவரை பின்னே செல்லும் வாழ்விடம் அது. அங்கே கிடைத்தவற்றுக்கான அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அரசனின் வாளோ கிரீடமோ அல்ல, செங்கல் சுவர், உறைகிணறு, பானை ஓடு, தக்களி, பகடைக்காய், மணி, வளையல் ஆகியவையே அதன் செல்வம். எல்லாமே வீடும் தொழிலும் சார்ந்த பொருள்கள். பெண்களின் வரலாற்றைப் பேச இதைவிட நல்ல இடம் வாய்க்காது.

ஆனால் பள்ளிகள் அங்கே கேட்கும் கேள்விகள் எவை? எத்தனை ஆண்டு பழமை, எந்த நாட்டோடு வணிகம், ஓட்டில் கீறிய எழுத்து என்ன. ‘ஆதன்’ என்ற பெயர் பிள்ளைகள் மனதில் பதிகிறது. பெருமையும் பதிகிறது. பெண் எப்போது வருகிறாள்? மணியும் வளையலும் இருக்கும் பெட்டிக்கு முன்னால். “அந்தக் காலத்துப் பெண்களும் அலங்காரப் பிரியர்கள்தான்” என்று ஒரு குரல் சொல்லும், வகுப்பு சிரிக்கும், வரிசை நகரும். அணிந்தவளாக வந்த பெண், செய்தவளாக வருவதே இல்லை.

தக்களியை எடுத்துக்கொள்வோம். அதைச் சுழற்றிய கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று மண் சொல்லாது. ஆனால் இரவில் சிறு விளக்கொளியில் பருத்தி வேலை பார்க்கும் பெண்ணைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. ஆண்துணை இல்லாத பெண்கள் நூல் நூற்றதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அப்படியானால் ‘தமிழரின் நெசவுத் தொழில்’ என்று நாம் பூரிக்கும் சொல்லுக்குள் தூக்கம் கெட்ட கண்களும் வறுமையும் இருந்திருக்கின்றன. அதைச் சொல்லாத பெருமை பாதிப் பெருமைதான்.

பானையும் அப்படித்தான். நம் ஊர்க் குயவர் வீடுகளில் மண் சலித்து மிதித்துப் பிசைவதில் பெண்களின் உழைப்பு உண்டு. சக்கரத்தின் முன் உட்கார்ந்தவருக்கே தொழிலின் பெயர் போகிறது. அகழாய்வுக் குழிகளிலும் சுற்றுவட்டாரப் பெண்கள் கூலிக்கு மண் சுமந்தார்கள். கண்டுபிடிப்பைப் பேசும்போது அந்தக் கைகளையும் பேச வேண்டாமா?

இவ்வளவும் பேருந்தில் ஏறிய மாணவிகளுக்கு. ஏறாதவர்கள் கதை வேறு. தம்பிக்குக் கிடைக்கும் சம்மதக் கையெழுத்து அக்காவுக்குக் கிடைப்பதில்லை. “இருட்டிவிடும்” என்பார்கள். மாதவிடாய் நாளென்றால், வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று அவளே பின்வாங்குகிறாள். இது வரலாற்றுப் பாடத்துக்கு அப்பாற்பட்ட நிர்வாகப் பிரச்சினை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. பொது இடத்துக்குப் போக முடியாதவள், பொது வரலாற்றில் தன்னைத் தேட எங்கே போவாள்?

பெரிய செலவு ஏதும் வேண்டாம். போகும் முன் மாணவிகள் தங்கள் பாட்டிமாரிடம் நூல், பானை, அடுப்பு பற்றிக் கேட்டு எழுதி வரட்டும். தக்களியும் கொஞ்சம் பஞ்சும் கொடுத்து ஒரு முழம் நூல் நூற்கச் சொல்லுங்கள். இழை அறுந்து அறுந்து வரும்போது அந்த உழைப்பின் கனம் விரலுக்குத் தெரியும். பயணத் தாளில் ‘எந்த நூற்றாண்டு?’ என்பதற்குக் கீழே இன்னொரு கேள்வியையும் சேருங்கள்: ‘இதைச் செய்தது யார்? அவருக்கு என்ன கிடைத்தது?’

இந்தக் கேள்வியோடு வீடு திரும்பும் பெண், தன் அம்மாவின் சமையலறையிலும் அதையே கேட்பாள்.