கட்டடத் தகவல் மாதிரியும் பல்கலைக்கழகக் கல்வியும்

கட்டடம் ஒன்று எழுதற்குப் பலருடைய கைகள் வேண்டும்; அக்கைகளை இயைவிக்கும் கருத்து ஒன்றாதல் வேண்டும். இவ்வுண்மைக்குக் கண்டி நகரின் அயலிலுள்ள பழங் கட்டடங்கள் சான்று பகர்கின்றன. கம்பளை அரசர் காலத்ததாகிய எம்பெக்க தேவாலயத்தின் தூண் மண்டபக் கூரையில், 26 கைமரங்கள் ஒரு முனையிலே வந்து கூடி, 'மடொல் குருபாவ' எனப்படும் ஒரே மர ஆணியினாற் பிணிக்கப்பட்டிருக்கின்றன. 1344ஆம் ஆண்டில் எழுந்த கடலாதெனிய விகாரையைச் சமைத்தவர் தென்னிந்தியச் சிற்பியாராகிய கணேசுவராசாரியார் ஆவர். அத்தகைய தலைமைச் சிற்பியிடத்தே வடிவறிவு, அளவறிவு, பொருளறிவு, தொழிலறிவு என்னும் நான்கும் பிரிவின்றி ஒன்றாய் அமைந்திருந்தன. ஓர் உறுப்பின் அளவு மாறின் ஏனைய உறுப்புக்கள் யாவை மாறும் என்பதை அவர் உள்ளம் உடனே அறியும்.

இக்காலத்தில் அவ்வறிவு பலரிடையே பகுக்கப்பட்டுள்ளது. கட்டடக் கலைஞர் வடிவத்தை வகுப்பர். பொறியியலாளர் தூணுக்கும் வளைக்கும் வலிமை கணிப்பர். கணிய அளவையாளர் பொருளின் அளவையும் விலையையும் வரையறுப்பர். ஒப்பந்தகாரர் காலத்தையும் ஆளணியையும் ஒழுங்கு செய்வர். இவர் ஒவ்வொருவரும் தத்தமக்கென வரைபடமும் பட்டியலும் ஆக்குதலின், ஒன்று மற்றொன்றனோடு முரணுதல் இயல்பாயிற்று. கிடைப்படத்தில் வாயில் இருக்கும் இடத்திலே அமைப்புப் படத்தில் தூண் நிற்கும். நீர்க்குழாய் செல்லும் வழியிலே வளை குறுக்கிடும். இம்முரண்கள் தாளில் வெளிப்படாது, கட்டுமிடத்தில் வெளிப்படும்போது, வார்த்த கொங்கிறீற்றை உடைப்பதன்றி வேறு வழி இல்லாது போகின்றது. பிரிந்த அறிவை மீண்டும் ஓரிடத்திற் கூட்டும் முயற்சியே கட்டடத் தகவல் மாதிரியாக்கம் ஆகும். சுருக்கமாகப் 'பிம்' என வழங்குவதும் இதுவே.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க அறிஞர் சார்ல்ஸ் ஈஸ்ற்மன், கட்டட அமைப்பில் வரைபடத்துக்குப் பதிலாகக் கணினியைப் பயன்படுத்தல் பற்றி 1975ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஹங்கேரி நாட்டில் 1982இல் நிறுவப்பட்ட கிராபிசொப்ற் நிறுவனம் இக்கருத்தை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 1992இல் வான் நெடர்வீன், ரொல்மன் என்னும் இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலே 'கட்டடத் தகவல் மாதிரி' என்னும் தொடர் இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரெவிற்' என்னும் மென்பொருளை 2002இல் ஓட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியபின் அத்தொடர் உலகெங்கும் பரவியது. சிங்கப்பூர் 2013 முதல் 2015 வரை படிப்படியாகப் பெருங் கட்டடங்களின் அனுமதிக்கு மாதிரிகளைக் கட்டாயமாக்கியது. பிரித்தானிய அரசு 2016 முதல் தன் மத்திய அரசுப் பணிகளுக்கு அதனை வேண்டிற்று. தகவலை ஒழுங்குறப் பேணும் முறைபற்றிய ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் நியமம் 2018இல் வெளிவந்தது.

மாதிரிக்கும் வரைபடத்துக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. வரைபடத்திற் சுவர் என்பது இணைகோடு இரண்டு. மாதிரியிலோ அது சுவரே. அதற்கு நீளம், உயரம், தடிப்பு, பொருள், விலை, கட்டப்படும் நாள் ஆகிய பண்புகள் உண்டு. அதில் ஒரு சாளரத்தை அகலமாக்கின், நிலைப்படமும் வெட்டுமுகப்படமும் செங்கற் கணக்கும் ஒருங்கே மாறும். குழாயும் வளையும் மோதுமிடத்தைக் கணினி முன்னரே காட்டும். இத்துணைப் பயன் உடைய ஒன்றை நிருமாண முகாமைத்துவம், கணிய அளவையியல், குடிசார் பொறியியல் ஆகிய துறைகளிற் பயிலும் மாணவர் கற்றல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. யாங்ஙனம் கற்பித்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

உலகப் பல்கலைக்கழகங்கள் இதனை மூவகையாற் கற்பித்து வருகின்றன. தனிப் பாடமாக ஒரு தவணையில் வைத்தல் ஒன்று; வரைதல், அளவையியல், திட்டமிடல் முதலிய பழைய பாடங்கள்தோறும் சிறிது சிறிதாகக் கலத்தல் மற்றொன்று; இறுதி ஆண்டிற் பல துறை மாணவர் கூடிச் செய்யும் செயற்றிட்டமாக அமைத்தல் மூன்றாவது. முதலாவது எளிது, ஆதலின் அதுவே பெருவழக்கு. ஆயினும் குறை மலிந்ததும் அதுவே. தனிப் பாடம் பெரும்பாலும் மென்பொருட் பயிற்சியாகச் சுருங்கிவிடுகின்றது. எக்கட்டளையை அழுத்தின் எவ்வுருவம் தோன்றும் என்று மாணவன் அறிகின்றான். அவ்வுருவம் மெய்யானதோ என்று வினவ அவன் பழகுவதில்லை. மென்பொருளோ சில ஆண்டுகளில் மாறும். மாறுவதைக் கற்பித்து, மாறாததைக் கைவிடும் கல்வி பல்கலைக்கழகத்துக்கு ஏற்றதாகாது.

இக்குறையை அளவையியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 300 மில்லிமீற்றர் அகலமுள்ள இரு தூண்களிடையே, தூணின் மையத்திலிருந்து மையம்வரை 6 மீற்றர் தூரம் உள்ளது எனக் கொள்க. அவற்றை இணைக்கும் வளை 225 மில்லிமீற்றர் அகலமும் 450 மில்லிமீற்றர் ஆழமும் உடையது. மாணவன் வளையை மையத்திலிருந்து மையம்வரை வரைந்து, தூணையும் முழு உயரத்துக்கு வரைந்து, இரண்டும் சந்திக்குமிடத்தைச் சரிவர இணையாது விடுவானாயின், அவ்விடத்துக் கொங்கிறீற்று இருமுறை எண்ணப்படும். வளையின் மெய்யான இடைநீளம் 5.7 மீற்றரே. மிகையான 0.3 மீற்றரின் கனவளவு ஏறத்தாழ 0.03 கன மீற்றர். இது சிறிதெனத் தோன்றலாம். இத்தகைய வளைகள் நூறு உள்ள கட்டடத்தில் அது 3 கன மீற்றர் ஆகும். திரையில் எழும் உருவம் அழகாகவே இருக்கும். பட்டியல் மாத்திரம் பொய் கூறும். கையால் அளந்து பழகியவன் இப்பொய்யை ஒரு நொடியிற் காண்பான். பழகாதவன் கணினி கூறியதெனக் கையெழுத்திடுவான்.

இன்னும் ஒன்று. இலங்கையிற் கட்டட வேலைகளை அளத்தற்கு எஸ்.எல்.எஸ். 573 என்னும் நியமம் உண்டு. எதனைக் கனவளவாகவும் எதனைப் பரப்பாகவும் அளத்தல் வேண்டும், எவ்வளவான திறப்பைக் கழித்தல் வேண்டும் என்பன போன்றவை அளவை விதிகளால் தீர்மானிக்கப்படுவன. மாதிரி தருவது வடிவத்தின் கணக்கு. ஒப்பந்தம் வேண்டுவது விதியின் கணக்கு. கொங்கிறீற்று வார்க்கும் பலகையடைப்பும், அத்திவாரம் தோண்டுங்கால் தொழிலாளர் நிற்பதற்கு வேண்டும் இடமும் பெரும்பாலான மாதிரிகளில் வரையப்படுவதேயில்லை. ஆயினும் அவற்றுக்குப் பணம் செலவாகின்றது. இவ்விரு கணக்கின் வேறுபாட்டை உணர்த்தாத பாடம், கணிய அளவையியலைக் கற்பித்ததாகாது.

கண்டியின் நிலம் இக்குற்றச்சாட்டை மேலும் வலியுறுத்துகின்றது. மென்பொருளைத் திறந்தவுடன் மாணவன் முன்னே தோன்றுவது சமதளம். பயிற்சி நூல்களிலுள்ள மாதிரி வீடுகளிற் பலவும் சமதளத்திலேயே நிற்கின்றன. கண்டியிலோ சமதளம் அரிது. அந்தானையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வீடு கட்டுவோன் முதலிற் செய்வது மலைச்சரிவை வெட்டுதல். அடுத்துச் செய்வது மண்ணைத் தாங்கும் சுவரை எழுப்புதல். அச்சுவரின் பின்னே நீர் தேங்காமல் வடிவதற்கு வழியில்லையெனின், மழைக்காலத்தில் மண்ணின் நெருக்குதலோடு நீரின் நெருக்குதலும் சேர்ந்து சுவரைத் தள்ளும். 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் நாள் கண்டி, பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து வீழ்ந்ததில் ஒரு கைக்குழந்தை உட்பட மூவர் மாண்டனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த 'தித்வா' புயலின்போது கண்டி மாவட்டம் மண்சரிவுகளாற் பேரிழப்பை எய்தியது. கணினி மாதிரி ஒன்று இருந்திருப்பின் இவை நேர்ந்திரா என்று கூறுதல் பேதைமை. ஆயின், நிலத்தை வெறுமையாக விட்டுக் கட்டடத்தை மாத்திரம் அழகுற வரையக் கற்பிக்கும் கல்வி இம்மலைநாட்டில் உயிர்களோடு விளையாடும் கல்வி என்பது மிகையன்று.

இக்குறையை நீக்கும் மரபு அயலிலேயே உள்ளது. 1950இற் கொழும்பில் தொடங்கி 1960களின் நடுப்பகுதியிற் பேராதனைக்குப் பெயர்ந்த பொறியியற் பீடத்திலே பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் விளங்கியவர் அழகையா துரைராசா. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் பழைய மாணவராகிய அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மண்பொறியியல் ஆராய்ந்து, ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்போருடன் சேர்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரை ஈரக் களிமண் நெருக்குதலுக்கு இளகும் முறையை விளக்கியது. மண்பொறியியலில் இன்றும் அது போற்றப்படுகின்றது. மண்ணும் ஒரு கட்டடப் பொருளே. அதற்கும் தன் இயல்பும் எல்லையும் உண்டு என்னும் இம்மரபு, மாதிரியாக்க வகுப்பினுள்ளும் புகுதல் வேண்டும். மாதிரியிலே தூணுக்குப் பொருளும் வலிமையும் எழுதப்படுவது போல, தூணின் கீழுள்ள மண்படையின் தன்மையும், நிலத்தடி நீர்மட்டமும், வெட்டிய சரிவின் கோணமும் எழுதப்படல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கிய மண்சரிவு அபாய வரைபடத்தின்மேல் கட்டடத்தை நிறுத்திப் பார்த்தல் முதற் பயிற்சியாதல் தகும்.

இரண்டாவது குறை, துறைகள் பிரிந்து கற்பித்தல். கூட்டு முயற்சிக்கென எழுந்த கருவியைத் தனித்தனி அறைகளிற் கற்பித்தல் முரண்பாடன்றோ? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2009ஆம் ஆண்டளவிற் கட்டடக் கலை, அமைப்புப் பொறியியல், இயந்திர வசதி, நிருமாணம் முதலிய பல துறை மாணவரையும் ஒரு மேசையிற் கூட்டி ஒரே கட்டடத்தை மாதிரியாக்கச் செய்தது. அங்கே கற்கப்படுவது மென்பொருள் மாத்திரமன்று. பிறர் கருத்துக்கு இணங்குதலும், தன் கருத்துக்குக் காரணம் காட்டுதலுமாம். இலங்கையிற் கணிய அளவையியல் மொறட்டுவையிலும் குடிசார் பொறியியல் பேராதனையிலும் மொறட்டுவையிலும் கற்பிக்கப்படுகின்றன. இரு வளாகத்து மாணவரும் ஒரு மாதிரியைப் பகிர்ந்து, ஒருவர் அமைக்க மற்றவர் அளக்கும் கூட்டுப் பயிற்சிக்குத் தூரம் இன்று தடையாகாது.

இதற்கு மாறாகச் சிலர் கூறுவன உண்டு. மாணவர்க்கு வேலை வேண்டும். வளைகுடா நாடுகளின் நிறுவனங்கள் மென்பொருட் பழக்கத்தையே வினவுகின்றன. ஆதலின் அதனைக் கற்பித்தலே கடன் என்பர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. இலங்கையின் கணிய அளவையாளர் பலர் அந்நாடுகளிற் பணியாற்றிக் குடும்பங்களைத் தாங்குகின்றனர். ஆயினும் கட்டளைகளை மாத்திரம் அறிந்தவனுக்குக் கிடைப்பது வரைவோன் பணி. அளவின் பொய்யைக் கண்டு கூறுபவனுக்கே முகாமையாளன் பணி கிட்டும். மேலும், நிறுவனங்கள் மாணவர்க்கு இலவசமாக வழங்கும் மென்பொருள், கல்வி முடிந்தபின் விலைக்குரியதாகும். எந்நிறுவனத்து மென்பொருளும் வாசிக்கத்தக்க 'ஐ.எப்.சி.' என்னும் பொதுக் கோப்பு வடிவத்தைப் பயிற்றுவித்தல், மாணவனை ஒரு நிறுவனத்துக்கு அடிமையாக்காது காக்கும்.

மொழிபற்றியும் ஒன்று கூறுதல் தகும். பல்கலைக்கழக மாதிரி ஆங்கிலத்தில் இருக்கும். கட்டுமிடத்து மேசனும் தச்சனும் தமிழிலோ சிங்களத்திலோ பேசுவர். மாதிரியை அவர்க்கு விளக்க இயலாத பட்டதாரி, தன் அறிவை அலுவலகத்திலேயே பூட்டி வைத்தவனாவான். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அப்பணியின் தொடர்ச்சியாகக் கட்டடத் தகவல் மாதிரிக்குரிய சொற்களும் தொகுக்கப்படல் வேண்டும். தொழிலாளர் வழங்கும் சொற்களை முதலிற் கேட்டறிந்து தொகுத்தல் சிறந்த நெறி.

இப்பயிற்சியின் வித்துப் பாடசாலையிலேயே இடப்படலாம். 2013இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பவியற் பிரிவு தொடங்கப்பட்டதிலிருந்து, பொறியியற் தொழினுட்பவியல் கற்கும் மாணவர் வரைதலையும் அளத்தலையும் அறிகின்றனர். தம் வகுப்பறையை அளவு நாடாவால் அளந்து, தாளில் வரைந்து, அதிலுள்ள செங்கல்லை எண்ணிக் கணக்கிட்ட மாணவன், பின்னாளிற் கணினி முன் அமரும்போது அது கூறுவதை ஆராயும் தகுதி பெறுவான். 6 மீற்றர் நீளமும் 3 மீற்றர் உயரமும் உள்ள சுவரில் 0.9க்கு 2.1 மீற்றர் வாயிலும் 1.2க்கு 1.2 மீற்றர் சாளரமும் இருப்பின் எஞ்சும் பரப்பு 14.67 சதுர மீற்றர் என்று கையாற் கண்டவனுக்கே, திரையில் 18 என்று தோன்றும்போது ஐயம் பிறக்கும்.

ஆகவே, கற்பிக்கும் ஒழுங்கு தலைகீழாக மாறுதல் வேண்டும். முதலில் நிலத்தையும் நிற்கும் கட்டடத்தையும் அளத்தல். அடுத்து வரைபடத்தையும் ஒப்பந்தத்தையும் வாசித்தல். அதன்பின் பிற துறையாரோடு கூடி முடிவு செய்தல். அவற்றின் பின்னரே மாதிரி ஆக்கல். இறுதியில் மாதிரியைக் கட்டுமிடத்தோடு ஒப்புநோக்கிப் பிழை காணல். அந்தானை மலையடிவாரத்துச் சரிவுகளில் எழுந்துள்ள பேராதனை வளாகமே இவ்வைந்து படிகளுக்கும் ஏற்ற ஆய்வுகூடமாகும். அங்கே படிக்கட்டும் தாங்கு சுவரும் வடிகாலும் மாணவன் நடக்கும் வழியெங்கும் உள. அவற்றுள் ஒன்றை அளந்து மாதிரியாக்கி, ஒரு மாரிக்குப் பின் மீண்டும் அளந்து, மாதிரி கூறியதும் மண் செய்ததும் எங்ஙனம் வேறுபட்டன என்று எழுதும் மாணவன், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியின் பொருளை ஒருபோதும் மறவான்.