ஒரு சவனில் மூன்று நிலம்

மன்னார்ப் பக்கம் போனால் எங்கே சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போங்கள், பெரியமடுவுக்குப் போங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்கு இறங்கும் ஏ-32 வீதியில் பள்ளமடு வரும். அங்கிருந்து காட்டுப் பக்கமாகத் திரும்பும் வீதிதான் பெரியமடுவுக்குப் போகிறது. சுற்றுலாப் புத்தகம் எதிலும் நான் அந்தப் பெயரைக் கண்டதில்லை. அதனால் என்ன? இந்தத் தீவில் நான் சாப்பிட்ட சாப்பாடுகளிலேயே மிகச் சிறந்தது அங்கேதான் கிடைத்தது. இதைச் சொல்லும்போதே எனக்கு வாய் ஊறுகிறது.

காரணம் நிலம். மேற்கே விடத்தல்தீவுக் கடலும் கண்டல் காடும். கிழக்கே பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் வன்னிக் காடு. இரண்டுக்கும் நடுவே குளமும் வயலும். நெய்தல், மருதம், முல்லை என்று பள்ளிக்கூடத்தில் தனித்தனியாகப் படித்த நிலங்கள் இங்கே ஒரு காலை நேரப் பயணத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. மூன்றும் கடைசியில் ஒரே தட்டில் வந்து சேர்கிறதை நான் கண்ணால் பார்த்தேன், கையால் பிசைந்து சாப்பிட்டேன்.

நாங்கள் போனது ஆனி மாதம். அம்மா, மனைவி, பிள்ளைகள், தங்கச்சி குடும்பம், கூடப் படித்த இரண்டு நண்பர்களும் அவர்கள் வீட்டாரும். பெரியவரும் சிறியவருமாகப் பன்னிரண்டு பேர் ஒரு வானில் நெருக்கி இருந்தோம். சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது அம்மா வழக்கம்போலக் கைகூப்பினார். 2011 தை மாதம் இந்தப் பாலம் திறக்கும்வரை இந்த வழியாக யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் போவது லேசான காரியமாக இருக்கவில்லை. இப்போது 288 மீற்றர் பாலத்தை ஒரு பாட்டின் பல்லவி முடிவதற்குள் கடந்துவிடுகிறோம். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், நடுவே கால் நனைய நின்று வலை வீசுகிற மனிதர்கள். பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று ஊர்கள் வந்து போயின. வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சூடான பிளேன்ரீயும் மீன் றோல்ஸும். இஞ்சி தட்டிப் போட்ட அந்தப் பிளேன்ரீக்காகவே இன்னொரு முறை நிற்கலாம்.

பெரியமடு வீதியில் திரும்பியதும் பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். பாலைப்பழம்! ஆனி ஆடியில் வன்னிக் காட்டை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல் போதும். வேப்பம்பழம் அளவில், மஞ்சளாக, தேன் திரண்டதுபோல் இனிக்கும் பழம். பாலைமரம் இரும்பைப் போல வைரம் பாய்ந்தது. அதன் பழத்திலோ இப்படி ஒரு குழைவு. சைக்கிளில் வாளி கட்டிக்கொண்டு வந்த ஐயா ஒருவர் வானை மறித்து, "காசு பிறகு, முதல் தின்னுங்கோ" என்று பிள்ளைகளின் கைநிறையக் கொடுத்தார். பழத்தின் பால் உதட்டில் ஒட்டும். தங்கச்சி மகள் வாயைத் திறக்க முடியாமல் சிரித்த சிரிப்பு இன்னும் எங்கள் வீட்டில் பேச்சாக இருக்கிறது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் ஒட்டு விட்டுவிடும். சின்னப் போத்தல் ஒன்று கொண்டு போவது நல்லது.

எங்களை அழைத்தவன் என் நண்பன். புத்தளத்தில் நான் படிப்பித்த காலத்தில் பழக்கமானவன். அப்போது அவன் வாடகை வீடொன்றில் இருந்தான். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் பெரியமடுக் குளத்தில்தான் கொண்டுபோய் முடிப்பான். நாங்கள் போய் இறங்கும்போது அவன் வீட்டு முற்றத்தில் மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. "வாங்க அக்கா, இரிங்க, களைச்சுப் போய் வந்திருப்பீங்க" என்று அவனுடைய உம்மா என் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் பாக்கு வெட்டிக்கொண்டு, எந்தப் பிள்ளைக்கு எப்போது பல் முளைத்தது என்ற விபரம்வரை போய்விட்டார்கள்.

நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. ஒரு பக்கம் விரால். அதிகாலையில் குளத்தில் பிடித்தது. சாம்பல் போட்டுக் கல்லில் உரசி வழுவழுப்பு முழுக்கப் போகும்வரை கழுவி, புளியும் மிளகும் தூக்கலாகக் குழம்பு வைத்தார்கள். சின்னவர்களுக்குத் திலாப்பியா பொரியல். 1952இல் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவந்து விட்ட மீன், இன்று குளத்தோரத்து வீடுகளின் அன்றாடக் கறி.

மறு பக்கம் விடத்தல்தீவில் காலையில் வாங்கிய நண்டு. கண்டல் வேர்களுக்குள் சேற்றில் வளர்கிற பெரிய நண்டு; கொடுக்கு ஒன்றே ஒரு பிள்ளையின் உள்ளங்கையை நிரப்பும். உம்மா சின்னக் கால்களை எறியவில்லை. உரலில் இடித்து, தண்ணீர் விட்டுப் பிழிந்து, அந்தச் சாற்றைத்தான் கறிக்கு ஊற்றினார். பிறகு தேங்காய்ப்பால், கடைசியில் ஒரு பிடி முருங்கை இலை. அந்த இலை வாடுகிற நேரத்தில் எழும்பிய வாசத்துக்குப் பக்கத்து வளவிலிருந்த பூனைகூட வந்து நின்றது. நண்டுக்கறிக்கு இறைச்சிக்கறிபோல மசாலாவைக் கொட்டுகிற உணவகங்கள் எல்லாம் ஒரு நாள் இந்த அடுப்படிக்கு வந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது அடுப்பில் கிடாரத்தில் நெய்ச்சோறு. அவர்கள் வயலில் காலபோகத்தில் விளைந்த நெல். ரம்பை, கறுவா, ஏலம், கராம்பு நெய்யில் பொரிய, அரிசி அதில் புரள, மூடிமேல் தணல் அள்ளிப் போட்டுத் தம் கட்டினார்கள். கூடவே கத்தரிக்காயும் வாழைக்காயும் பொரித்துப் போட்ட களியா, சின்ன வெங்காய அச்சாறு, நாட்டுக்கோழி.

இனிச் சவன். பெரிய வட்டத் தட்டு. பாயின் நடுவே அதை வைத்து, சுற்றிவர ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது முஸ்லிம் வீட்டு வழக்கம். ஆண்களுக்கு ஒரு சவன், பெண்களுக்கு ஒரு சவன், பிள்ளைகளுக்குத் தனியாக இன்னொன்று. வீட்டின் இளையவன் செம்பும் கோப்பையும் கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கை கழுவத் தண்ணீர் வார்த்தான். நண்பனின் வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார். சோற்றில் உங்களுக்கு முன்னால் இருக்கிற பங்குதான் உங்களுக்கு. கறிகள் நடுவே. நல்ல துண்டு கண்ணில் பட்டால் அதை எடுத்துப் பக்கத்தில் இருப்பவரின் பக்கம் வைக்க வேண்டும்! எனக்கு வாப்பா நண்டுக் கொடுக்கை உடைத்து வைத்தார், நான் விராலின் நடுத்துண்டை அவர் பக்கம் தள்ளினேன், என் நண்பர்கள் களியாவுக்குப் போட்டி போட்டார்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழும்புவதில்லை. ஆகவே அவசரமே இல்லை. கைபேசி எடுக்கக் கை இல்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் நாங்கள் பேசாத விடயங்களை எல்லாம் அந்த ஒரு சவனைச் சுற்றி இருந்து பேசி முடித்தோம்.

அடுத்த அறையில் என் அம்மா. வீட்டில் தனக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர் என்று வாழ்ந்தவர். அவர் உம்மாவோடு ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவதை வாசலிலிருந்து பார்த்த என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஏனென்றால் அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வீடு, வயல், மாடு எல்லாவற்றையும் விட்டுப் போனார்கள். பெரும்பகுதியினர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். பெரியமடு மக்களும் அப்படித்தான். 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பியவர்களுக்கு முதலில் கிடைத்தது வளவுக்குள் ஏறியிருந்த காடு. அதை வெட்டி, கிணறு இறைத்து, வரம்பு கட்டி, மறுபடி விதைத்தார்கள். "புத்தளத்திலயும் சோறு இருந்திச்சி மகன். இந்த வயல்ட அரிசி இருக்கல்ல" என்றார் வாப்பா. எங்கள் தரப்பிலிருந்து நடந்த அநியாயத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவரோ இன்னும் கொஞ்சம் சோற்றை என் பக்கம் ஒதுக்கினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு எருமைத் தயிர். கத்தியால் வெட்டி எடுக்கிற பதம், மேலே காட்டுத் தேன். அதற்கும் பிறகு வட்டிலப்பம். கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் அவிந்து, அங்கங்கே சின்னச் சின்னத் துளையோடு வருகிற வட்டிலப்பம்தான் சரியான வட்டிலப்பம் என்பது என் உறுதியான கருத்து. உம்மாவுடையது அப்படி இருந்தது. பிள்ளைகள் கோப்பையை நக்கினார்கள். நான் தடுக்கவில்லை.

பின்னேரம் குளக்கட்டு. வெயில் காலத்தில் தண்ணீர் உள்வாங்கி, கரையில் புல் பச்சையாக ஏறியிருந்தது, எருமைகள் கழுத்தளவில் கிடந்தன. மருத மர நிழலில் பாய் விரித்து அரைத்தூக்கம். ஆண்பிள்ளைகள் நண்பனின் மருமகன்மாரோடு தூண்டில் போட, பெண்பிள்ளைகள் தாங்களும் போட வேண்டும் என்று சண்டை பிடித்து இரண்டு தூண்டிலை வாங்கிவிட்டார்கள். அதிகம் பிடித்ததும் அவர்கள்தான்.

பொழுது சாய்வதற்குள் விடத்தல்தீவுக்கு இறங்கினோம். தேவாலயம், பள்ளிவாசல், கோயில் மூன்றும் உள்ள பழைய கடற்கரை ஊர். அதை ஒட்டிய கண்டல் காடும் கடற்புல் வெளியும் பவளப் பாறைகளும் சேர்ந்த 29,180 ஹெக்டேயர் பரப்பு 2016இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. வள்ளத்தில் ஏறிக் கண்டல் வாய்க்காலுக்குள் போனால் இரண்டு பக்கமும் வேர்கள் தண்ணீருக்குள் காலூன்றி நிற்கின்றன. அந்த வேர்களுக்குள்தான் றாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. மதியம் எங்கள் தட்டுக்கு வந்த நண்டின் வீடு இதுதான் என்று தெரிந்ததும் என் மகன் வேர்களை ஒரு மரியாதையோடு பார்க்கத் தொடங்கினான். கொக்குகள் கூட்டம் கூட்டமாக அடைய வந்தன. கரைக்கு வந்ததும் கணவாயைத் தணலில் வாட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தேசிக்காயும் பிழிந்து தந்தார்கள். கடதாசியில் வைத்து, நின்றபடியே சாப்பிட்டோம். தேசிப்புளி அதிகம் என்று தங்கச்சி சொன்னாள். அதுதான் அதன் அழகு என்று நான் சொல்லுவேன்.

மறுநாள் மன்னார்த் தீவுக்குப் போனதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். போகிற வழியில் திருக்கேதீச்சரத்தில் அம்மாவுக்காகப் பாலாவியில் கால் நனைத்தோம். தாம்போதியைக் கடந்ததும் போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய கோட்டை. தெருவில் சுதந்திரமாக அலைகிற கழுதைகள், அவற்றின்மேல் பிள்ளைகளுக்கு வந்த தீராத காதல். பள்ளிமுனையில் பெருக்கமரம். அதன் சுற்றளவு 19.5 மீற்றர் என்றதும், கணக்கு ரீச்சரான என் மனைவி உடனே சொன்னாள்: நாங்கள் பன்னிரண்டு பேரும் கைகோத்தாலும் எட்டாது. பேசாலையில் கட்டாக் கருவாடு வாங்கினோம். வான் முழுக்க வாசம், ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பெரியமடுவில் சும்மா போய் இறங்கிச் சாப்பாடு தேடாதீர்கள். அந்தப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் மூலம் முதல் நாளே சொல்லிவைத்தால், உங்கள் ஆட்களை எண்ணிச் சமைத்து வைப்பார்கள். அதற்குரிய காசைத் தயங்காமல் கொடுங்கள். மீனை விடத்தல்தீவில் காலையிலேயே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வெள்ளி மதியம் ஜும்மா நேரம், அதற்கேற்பப் போங்கள். மதுப் போத்தலை ஊருக்குள் கொண்டு போகாதீர்கள். குளக்கட்டில் பிளாஸ்ரிக் பை ஒன்றுகூட விட்டுவிட்டு வராதீர்கள். மாரி மழை உச்சமாக இருக்கும் கார்த்திகை மார்கழியில் வேண்டாம். பாலைப்பழம் வேண்டுமானால் ஆனி, ஆடி. புது நெல் வேண்டுமானால் மாசி. இப்போதெல்லாம் நோன்பு மாதமும் மாசியை ஒட்டித்தான் வருகிறது. பகலில் அடுப்பு எரியாது, ஆனால் பொழுதுபட்டதும் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் உள்ளியும் இறைச்சியும் சேர்த்த நோன்புக் கஞ்சி வரும், அதுவும் புது அரிசியில். அதற்கு வரச் சொல்லி உம்மா என் அம்மாவிடம் இப்போதே வாக்கு வாங்கிவிட்டார். இந்த முறை வான் பெரியது பிடிக்கிறோம், இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்கிறது. வர விருப்பமானவர்கள் தைப்பொங்கலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.