வசனம் இல்லாத பிள்ளை

பள்ளிக்கூட நாடகம் பார்க்கப் போனால் நான் பேசுகிற பிள்ளையைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கத்தான் தாய் தகப்பன் முன்வரிசையில் இருக்கிறார்களே. என் கண் மேடையின் ஓரத்துக்குப் போய்விடும். ஈட்டி பிடித்த காவலாளி, ஊர்ச்சனத்தில் ஒருத்தி, வசனம் ஒன்றுமே இல்லாத ஏதோ ஒரு பிள்ளை. இளவரசன் செத்துப்போன சேதி வருகிறது. அரசன் நெஞ்சிலடித்து அழுகிறான். அந்த நேரம் காவலாளி என்ன செய்கிறான்? சபைக்குள் தம்பியைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரிக்கிறான் என்றால், பழக்கியவர் வசனத்தை மட்டும் பழக்கியிருக்கிறார். ஈட்டியின் முனை தன்பாட்டில் ஒரு சாண் இறங்கினால் நான் கதிரையில் நிமிர்ந்து உட்காருவேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் நாடகம் தெரிந்த ஒருவர் இருக்கிறார்.

இலங்கைப் பள்ளிக்கூடங்களில் நாடகம் ஒரு பாடம். சித்திரம், சங்கீதம், நடனம் என்ற வரிசையில் ‘நாடகமும் அரங்கியலும்’ என்று அதற்கு நீளமான பெயர்; பிள்ளைகளின் வாயில் வெறும் ‘ட்ராமா’. சாதாரண தரத்துக்கும் எடுக்கலாம், உயர்தரத்துக்கும் எடுக்கலாம். தமிழ்நாட்டு நண்பர்களிடம் சொன்னால் பொறாமைப்படுவார்கள். அரைவாசிப் பொறாமை போதும் என்பேன். கிரேக்க அரங்கைக் கொப்பியில் கீறிப் பகுதிகளுக்குப் பெயர் குறித்து, மனனம் செய்து, மேடையில் நின்ற நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையில் நல்ல பெறுபேற்றோடு போகிற பிள்ளைகளும் உண்டு.

நன்றாக நடக்கிற வகுப்பொன்றைச் சில வாரங்கள் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கலவன் பாடசாலை, தரம் 9, 36 பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிரதான மண்டபத்தில் பயிற்சி. மண்டபம் நிறைய மேசை கதிரை. முதல் நாள் ரீச்சர் சொன்னது ஒன்றுதான்.

“எல்லாத்தையும் சுவர்ப்பக்கம் ஒதுக்குங்கோ பிள்ளையள். ஆனா எனக்கு ஒரு சத்தமும் கேக்கக்கூடாது.”

சீமெந்துத் தரையில் மேசையை இழுத்தால் பல் கூசும். தூக்க வேண்டும். தனியே தூக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரம் தூக்கி ஒரே நேரம் வைக்க வேண்டும். வாய் திறக்கக்கூடாது என்பதால் ஆளை ஆள் பார்க்கத்தான் வேண்டும். வாட்டசாட்டமான ஒரு பெடியன் எதிர்ப்பக்கம் பிடித்த சின்னப் பிள்ளைக்காகத் தன் பக்கத்தை முழங்காலளவுக்குப் பதித்துப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அன்றைய பாடம் அதோடு முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்குத்தான் அது தெரியாது, இனித்தான் பாடம் தொடங்கும் என்று வரிசையில் நின்றார்கள்.

பிறகு எண்ணுகிற விளையாட்டு. வட்டமாக நின்று கண்ணை மூடி, ஒன்றிலிருந்து 20 வரை எண்ண வேண்டும். முறை கிடையாது. யாரும் எந்த எண்ணையும் சொல்லலாம். இரண்டு குரல் ஒரே நேரத்தில் விழுந்தால் திரும்ப ஒன்றிலிருந்து. முதல் நாள் 4 தாண்டவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் குழப்புவார்கள். வகுப்பில் கை உயர்த்திப் பழகியவர்களுக்கு வாயை அடக்கிக்கொண்டு நிற்பது பெரிய அவஸ்தை. இரண்டாம் கிழமை 13 வரை போயிற்று. 20 வந்த நாளில் ஒருவரும் கைதட்டவில்லை. கண்ணைத் திறந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்தமாதிரி அரங்க விளையாட்டுகளைப் புத்தகமாக்கித் தந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்காவின் வயோலா ஸ்போலின். சிகாகோவில், குடிபெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது உருவாக்கியவற்றை 1963இல் நூலாக வெளியிட்டார். ஒருவர் அசைவதை எதிரில் நிற்பவர் அப்படியே செய்கிற ‘கண்ணாடி’ விளையாட்டு அவர் வழியாகத்தான் உலகம் முழுக்கப் போயிற்று. நம்மிடமும் சரக்கு இல்லாமல் இல்லை. அந்த ரீச்சர் மேடையில் இடம் பிடிப்பதைச் சொல்லிக்கொடுக்கக் கிளித்தட்டைத்தான் எடுத்தார். கோட்டில் ஓடுகிற கிளிக்கு முன்னாலும் முதுகுக்குப் பின்னாலும் யார் நிற்கிறார் என்று எந்த நேரமும் தெரிந்திருக்க வேண்டும். மேடையில் நடிகனுக்குத் தெரிய வேண்டியதும் அதுதானே.

பதின்மூன்று, பதினான்கு வயதில் நாடகம் பழக்குவதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பெடியன்களுக்கு மகரக்கட்டு உடைகிற வயது. ஒரு வசனம் குழந்தைக் குரலில் தொடங்கித் தவளைக் குரலில் முடியும். மண்டபம் சிரிக்கும். பழைய பாலர் சபைகளை நடுங்க வைத்த விஷயம் இது. 1918இல் மதுரையில் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையிலிருந்து டி.கே.எஸ். சகோதரர்கள் போன்ற பெரும் நடிகர்கள் வந்தார்கள். அந்தச் சபைகளை நம் முதல் நாடகப் பள்ளிக்கூடங்கள் என்றே சொல்லலாம். ஆனால் அங்கே குரல்தான் முதல். பாட்டால் ஓடிய நாடகங்களில் ராஜபார்ட் பையனின் தொண்டை கட்டிக்கொண்டால் கம்பெனியின் பெட்டியும் கட்டிக்கொள்ளும்.

பள்ளிக்கூட ரீச்சருக்கு அந்தப் பயம் இல்லை, வசூல் இல்லையே. இந்த வகுப்பில் குரல் உடைந்த நான்கு பெடியன்களையும் அவர் ஓரத்தில் ஒதுக்கவில்லை, ஒன்றாய்ச் சேர்த்தார். தனியே கேட்டால் சிரிப்பு வருகிற குரல், நாலு சேர்ந்தால் கடல் உறுமுகிறமாதிரி இருந்தது. அந்த உறுமலில்தான் நாடகமே தொடங்கியது.

அப்படிச் சேர்ப்பதற்கு வசதியான ஒரு நாடகவடிவம் யாழ்ப்பாணத்தில் ஏற்கனவே இருக்கிறது. அது குழந்தை ம. சண்முகலிங்கம் விட்டுப்போன சொத்து. 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர், 1985இன் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் வழியாகப் பெரும்பாலோர் அறிந்த பெயர், 2025இல் மறைந்தார். வெளியூரார் அவரைப் போர்க்கால நாடகாசிரியராகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர் முதலில் பள்ளிக்கூடத்து மனிதர். சுண்டுக்குளி மகளிர் கல்லூரிக்கும் வேறு பாடசாலைகளுக்கும் அவர் எழுதிய நாடகங்களை ஒரு ரசிகனாகப் படித்தால் ஒன்று தெரியும்: எழுதும்போதே அவருக்கு வகுப்பறையின் கணக்கு தெரிந்திருந்தது. அரசன், அரசி, மந்திரி, வில்லன் என்று நாடகத்தில் நாலு பாத்திரம். வகுப்பில் நாற்பது பிள்ளை. மிச்சம் 36 பேர் என்ன செய்வது? திரை இழுப்பதா?

அவர் விடை உரைஞர். மேடைக்கு வந்தவர்கள் இறங்கிப்போவதில்லை. கதை சொல்வார்கள், பாடுவார்கள், கேள்வி கேட்பார்கள், கண் மூடித் திறப்பதற்குள் மரமாவார்கள், அலையாவார்கள், சங்கக்கடை வரிசையாவார்கள், வேலியால் எட்டிப்பார்த்து வம்பளக்கும் அயலாவார்கள். கிரேக்கக் கோரஸின் வாசம் இதில் உண்டு, கூத்தின் பிற்பாட்டும் உண்டு. இதைப் புதுமை என்று பாராட்டுகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது நல்ல வீட்டுக்காரியின் சமையல்மாதிரி. வந்தவர் எல்லோருக்கும் இலை போட வேண்டும், கறி அதற்கு ஏற்றமாதிரி அமைய வேண்டும். தேவையிலிருந்து பிறந்த வடிவம் என்பதால்தான் அதில் ஒட்டுப்போட்ட அடையாளம் இல்லை.

உரைஞராய் நிற்பது கடினம். தலைமைப் பாத்திரத்துக்கு வசனம் இருக்கிறது, பிடித்துக்கொண்டு போகலாம். உரைஞராய் நிற்கிறவர் முக்கால்வாசி நேரம் மற்றவர் சொல்வதைக் கேட்கிறார். கேட்பதை நடிக்கச் சொல்லிக்கொடுக்க முடியாது. கண்ணை அகல விரித்துத் தலையாட்டினால் அது கேட்பதுபோல் பாவனை. உண்மையாகவே கேட்டால்தான் சபைக்குத் தெரியும்.

இதை நான் கற்றது அவமானப்பட்டு. இளவயதில் இரண்டு வருஷம் நானும் பள்ளிக்கூட நாடகம் பழக்கினேன். பழக்கினேன் என்றால், வசனத்தைப் பாடமாக்கச் சொல்லி அதட்டினேன். அரங்கேற்ற நாளில் என் அரிச்சந்திரன் சுடலைக் காட்சியில் அப்படியே உறைந்துபோனான். பக்கத்திரைக்குள் கொப்பியோடு நின்ற நான் அடுத்த வசனத்தை மெல்லச் சொன்னேன். இல்லை. கொஞ்சம் உரத்துச் சொன்னேன். இல்லை. மூன்றாம் முறை நான் போட்ட சத்தம் கடைசி வரிசைக்கே கேட்டிருக்கும். அரிச்சந்திரன் என் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, “என்ன சேர்?” என்றான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. எதிரில் இருந்த சந்திரமதி, செத்த மகனை மடியில் வைத்தபடி சேர்ந்து சிரித்தாள். செத்த மகனும் சிரித்தான்.

பிழை அந்தப் பெடியன் மேலில்லை. சந்திரமதி சொன்னதை அவன் கேட்டிருந்தால் தன் வசனம் மறந்தாலும் ஏதாவது ஒன்று வாயில் வந்திருக்கும். நான் அவனுக்கு அவன் வசனத்தை மட்டுமே தந்திருந்தேன்.

மட்டக்களப்பில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் இந்தப் பிழையைச் செய்வதில்லை. கூத்துக்குச் சட்டங் கொடுக்கிற நாளில் ஆளின் குரல், உடம்பு, ஆட்டம் எல்லாம் பார்த்துத்தான் கொப்பி கைக்குப் போகும். பிறகு பழக்கம், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கில் ஓடி அரங்கேற்றம் வருவதற்குள் ஒவ்வொருவருக்கும் எல்லாருடைய பாட்டும் தெரிந்திருக்கும். ஆடுகிறது வட்டக்களரியில்; நாலு பக்கமும் சனம். மேடைக்கு ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே ஓரத்தில் ஒளியலாம்? பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ போட்டபோது விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வட்டம் போனதில் ஒன்று போய்த்தான் விட்டது. இன்றைக்கும் கூத்து ஆடிய பிள்ளை எது, ஆடாத பிள்ளை எது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். கூத்தாடிய பிள்ளைக்கு முதுகாலும் நிற்கத் தெரியும்.

போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டி இல்லாவிட்டால் பல பள்ளிக்கூடங்களில் நாடகமே இராது, சரி. ஆனால் மேலே தொங்குகிற ஒலிவாங்கியை நம்பிப் பிள்ளைகள் கத்துகிற கத்தலுக்கும், சரிகை உடுப்புக்கும் புள்ளி போடுகிற நடுவர்களை என்ன செய்வது? ஒருமுறை ஒரு நடுவர், மிக அழகாக மெல்லப் பேசிய பிள்ளைக்கு ‘உணர்ச்சி போதாது’ என்று எழுதியதைப் பார்த்தேன். உணர்ச்சியை அவர் காதால் அளந்திருக்கிறார்.

அந்தத் தரம் 9 வகுப்புக்குத் திரும்புவோம். அவர்கள் போட்டது கடற்கரைக் கிராமம் ஒன்றின் கதை. முன்னால் தகப்பனும் மகனும் வாக்குவாதப்படுகிறார்கள். பின்னால் ஒரு பிள்ளை, வசனம் இல்லை, துலாக்கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். கிணறு இல்லை, துலா இல்லை, வாளியும் இல்லை. வெறும் கை.

பிள்ளை முதல் நாள் அள்ளியதைப் பார்த்துவிட்டு ரீச்சர் கேட்டார்: “நீர் அள்ளினது துலாவிலயோ, கப்பியிலயோ?”

பிள்ளைக்கு வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் மோட்டர்.

“வீட்ட போய் அம்மம்மாட்டக் கேளும். எப்ப பாரம், எப்ப லேசு எண்டு கேட்டுக்கொண்டு வாரும்.”

அடுத்த நாள் பிள்ளை வந்து அள்ளியபோது நான் எழுந்துபோய் முன்னால் நின்று பார்த்தேன். கப்பிக் கிணற்றில் வெறும் வாளி தானாக இறங்கும். நிறைந்த வாளியை இழுக்கத்தான் பலம் வேண்டும். துலாவில் எல்லாம் மறுவளம். அடியில் கட்டின கல்லின் பாரத்துக்கு எதிராக வெறும் வாளியை உடம்பைக் கொடுத்துக் கீழே இழுக்க வேண்டும். தண்ணீர் நிறைந்துவிட்டால் கயிற்றைப் பிடித்து விட்டுக்கொடுத்தால் போதும், கல்லே தூக்கித் தரும். பிள்ளை கை மாற்றி மாற்றிக் கீழே இழுத்தது, முழங்கால் மடிந்தது, குதி நிலத்தைவிட்டு எழும்பியது. வாளி தண்ணீரில் விழுந்ததும் கை ஒருதரம் உதறி, வாளியைச் சரித்து, பிறகு தோள் இளகிற்று. முகத்தில் ஒன்றும் செய்யவில்லை. ரீச்சர் திருத்தம் ஒன்றும் சொல்லவில்லை.

அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு கேள்வி வந்தது. கதையின் நடுவில் கடலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை என்ற சேதி வருகிறது. சேதி கொண்டுவருகிறவன் வசனம் சொன்ன அந்த நொடியில், “வாளி எங்க நிக்குது?” என்றார் ரீச்சர். பிள்ளை யோசித்தது. மற்றப் பிள்ளைகளும் யோசித்தார்கள். நிறைந்த வாளி என்றால் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்றான் ஒருவன். கிணற்றுக்கட்டில் வைத்துவிடலாம் என்றது இன்னொரு பிள்ளை. ரீச்சர் விடை சொல்லவில்லை.

மேடையேற்றத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. மின்விசிறிகளின் சத்தம் வேறு. நான் வழக்கம்போல ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை வெறும் வாளியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. பாதி ஆழம் போயிருக்கும். சேதி வந்தது. நாலு பெடியன்களின் உறுமல் எழுந்து அடங்கியது. முன்னால் தாய் அலறினாள், சபை அவளைப் பார்த்தது. பின்னால் பிள்ளையின் கை கயிற்றை விட்டது. துலாவில் வெறும் வாளியை விட்டால் கீழே விழாது. பிள்ளையின் முகம் மெல்ல மெல்ல மேலே நிமிர்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து விர்ரென்று எழுந்து தலைக்கு மேலே போய் ஆடிக்கொண்டு நின்ற ஒன்றைப் பார்த்தது. எனக்கு முன்னால் இருந்த கிழவியும் அண்ணாந்து பார்த்தாள்.