ஒரு சம்பளம், இரண்டு ஊழியர்

தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர் ஒரு சேகரத்தில் (சபைத் தொகுதியில்) பொறுப்பேற்ற அன்றே அவர் மனைவியான ஆயரம்மாவுக்கும் பொறுப்பு வந்துவிடுகிறது. பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்த வேண்டும். நோயாளிகளைப் பார்க்க வேண்டும். அசனம் என்னும் சபை விருந்தன்று சமையல் பந்தலையும் எட்டிப் பார்க்க வேண்டும். நியமன ஆணையும் இல்லை, சம்பளமும் இல்லை. விருப்பமா என்று கேட்பாரும் இல்லை.

இது மிஷனரி காலத்து வழக்கம். நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் சிறுமிகளுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் மிஷனரி கால்டுவெல்லை மணந்து, அதே பணியை இடையன்குடியில் தொடர்ந்தார். ஆண் போதகர் திண்ணையோடு நிற்க வேண்டிய வீடுகளில் இந்த அம்மாக்களால் அடுப்படி வரை போக முடிந்தது. இன்றும், கணவன் குடித்துவிட்டு அடிப்பதை ஆயரிடம் சொல்லக் கூசுகிற பெண் ஆயரம்மாவிடம் சொல்லி அழுகிறாள். இந்த வழக்கத்தின் பெரிய பலம் இதுதான்.

ஆனால், ஊர்த் துக்கம் கேட்பவருக்குத் தன் துக்கத்தைச் சொல்ல ஆளில்லை. குடும்பத்தில் சிக்கல் என்றால் மற்றவர்கள் ஆயரைத் தேடிப் போகலாம். இவருக்கோ கணவர்தான் ஆயர். சபையில் ஒருத்தியோடு நெருங்கிப் பழகினால், "அந்த வீட்டோடு மட்டும் ஒட்டு" என்பார்கள். குடியிருக்கும் வீடும் சபையுடையது. கணவர் இறந்தால், துக்கம் ஆறுமுன் வேறு வீடு பார்க்க வேண்டும்.

இப்போது பல ஆயரம்மாக்கள் ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள். கணவருக்கு மாறுதல் வந்தால், வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் பழைய ஊரிலேயே தங்கிவிடுவோரும் உண்டு. "அம்மா கூட்டத்துக்கே வர்றதில்லை" என்று சபை முணுமுணுக்கிறது. குடும்பம் இரண்டு ஊரில் பிரிந்து கிடப்பதும் சுமைதான். ஆனாலும் சொந்தச் சம்பளமும், ஆயரம்மா என்று பார்க்காத அலுவலகத் தோழிகளும் அவர்களை மூச்சுவிட வைக்கின்றன.

இந்த எதிர்பார்ப்பு நியாயமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 1976 முதல் இத்திருச்சபையில் பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். பெண் ஆயரின் கணவர் பந்தலுக்கு வரவில்லை என்று யாரும் குறைப்படுவதில்லை. அவருக்கு வேலை இருக்கும் என்று தாங்களாகவே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

அழுகிற பெண்ணுக்குக் காது கொடுக்க ஆள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்குப் பயிற்சி தந்து, சம்பளம் கொடுத்து ஒருவரை அமர்த்துவது சபையின் கடமை. சங்கத் தலைமைக்குத் தேர்தல் வைக்கலாம். ஆயரம்மாவும் விரும்பினால் போட்டியிடட்டும். அவர் மனம் திறந்து பேச, பேராயத்துக்கு வெளியே ஓர் ஆலோசகரும் வேண்டும். ஆயருக்குக் கொடுக்கும் சம்பளம் ஒருவருடைய வேலைக்குத்தான் என்பதைச் சபை ஒப்புக்கொண்டால், மற்றவை தாமாகச் சீராகும்.